இரவில்லாத ஊருக்கு ஏழு வயது மகனை அனுப்பும்போது

வாசகர் கேள்வி: நாங்கள் ஒஸ்லோவில் இருக்கிறோம். என் அம்மாவும் அப்பாவும் 1988 முதல் நோர்வேயின் வடகோடி மாவட்டமான பின்மார்க்கில், போட்ஸ்பியூர் என்ற மீன்பிடி ஊரில் வாழ்கிறார்கள். மீன் தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அந்த ஊரை விட்டு வர அவர்களுக்கு மனமில்லை. இந்தக் கோடை விடுமுறையில் ஏழு வயது மகனை ஜூன் கடைசியிலிருந்து ஐந்து வாரம் தங்களோடு விடச் சொல்லிக் கேட்கிறார்கள். அவன் எங்களைப் பிரிந்து இரண்டு இரவுக்கு மேல் இருந்ததில்லை. குளிர்காற்றில் சில வேளை இழுப்பு வரும், நீல இன்ஹேலர் வைத்திருக்கிறான். மீன் என்றால் மீன் விரல் மட்டும்தான் சாப்பிடுவான். தமிழ் விளங்கும், ஆனால் பதில் நோர்வேஜிய மொழியில்தான் வரும். அப்பாவிடம் ஒரு சின்ன வள்ளம் இருக்கிறது. அங்கே இரவு பதினொரு மணிக்கும் பிள்ளைகள் வெளியே விளையாடுவார்களாம். குளிர், பனிக்கரடி, ஆஸ்பத்திரி இல்லாதது என்று நினைக்க நினைக்கப் பயமாக இருக்கிறது. அனுப்பலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அனுப்புங்கள். பனிக்கரடிப் பயத்தை இன்றே விட்டுவிடலாம். நோர்வேயில் பனிக்கரடி இருப்பது ஸ்வால்பார்ட் தீவுகளில்தான், பின்மார்க் நிலப்பரப்பில் இல்லை. குளிருக்கு உடுப்பு இருக்கிறது. உங்கள் கடிதத்தில் நான் நின்று திரும்ப வாசித்தது, இரவு பதினொரு மணிக்கும் பிள்ளைகள் வெளியே விளையாடுவார்கள் என்ற அந்த வரியைத்தான். ஐந்து வாரமும் நன்றாகப் போகுமா, ஆறாம் நாளே அழுது திரும்பி வருவானா என்பது பெரும்பாலும் வெளிச்சத்தில் தங்கியிருக்கிறது. நித்திரை குழம்பினால் பசி குழம்பும், வீட்டு நினைவு பெருகும், கால் தடுக்கும். அதனால் வெளிச்சத்திலிருந்தே தொடங்குகிறேன்.

போட்ஸ்பியூர் இருக்கும் வாரங்கர் தீபகற்பத்தின் வடகரையில் மே நடுப்பகுதியிலிருந்து ஜூலை கடைசி வாரம் வரை சூரியன் மறைவதில்லை. ஜூன் 21ஆம் திகதியை ஒட்டிய நாட்களில், நள்ளிரவில்கூட அது அடிவானத்துக்கு மேலே 4 பாகை உயரத்தில் நிற்கும். மலை மறைத்தாலும் வானம் வெளிச்சமாகவே இருக்கும். நித்திரை வரவைக்கும் மெலடோனின் இருளில்தான் மூளையில் ஊறும். சிறுவரின் கண்மணி அகலமானது, வில்லை தெளிவானது. அதனால் மாலை வெளிச்சம் அவர்களின் மெலடோனினைப் பெரியவர்களுடையதைவிடக் கூடுதலாக அடக்கிவிடும். உங்கள் அப்பாவும் அம்மாவும் முப்பது வருடத்துக்கு மேலாக அந்த வெளிச்சத்தில் பழகியவர்கள். 'எங்களுக்கு ஒன்றும் செய்யவில்லையே' என்று அவர்கள் சொன்னால் அது உண்மைதான். பேரனுக்கு அது பொருந்தாது.

முதலில் எந்த அறை என்று பாருங்கள். ஒஸ்லோவில் கோடையில் சூரியன் உச்சிக்கு வருவது பகல் ஒன்று இருபது அளவில். கிழக்குப் பின்மார்க்கில் அதே கடிகாரத்தில் அது பகல் பன்னிரண்டு மணி. அதனால் அங்கே சரியாக இரவு பன்னிரண்டுக்குச் சூரியன் நேர் வடக்கில் நிற்கும். இரவு எட்டு மணிக்கு வடமேற்கில் இருக்கும், அதிகாலை நாலு மணிக்கு வடகிழக்கில் இருக்கும். பிள்ளை படுக்கும் அறைக்கு வடக்குப் பக்கம் யன்னல் இருந்தால், தாழ்ந்த வெயில் கட்டிலுக்கு நேராக, கிடையாக உள்ளே வரும். தெற்குப் பக்க யன்னலில் மாலை ஐந்தரைக்குப் பிறகு மறுநாள் காலை ஆறரை வரை நேரடி வெயில் விழாது. விருந்தினர் அறை வடக்கே இருந்தால், அம்மம்மாவின் தையல் அறையோ சாமான் அறையோ தெற்கே இருக்கிறதா என்று கேளுங்கள். ஐந்து வாரத்துக்கு அதை மாற்றிக் கொடுப்பது பெரிய வேலையில்லை.

அடுத்தது யன்னலை மூடுவது. அந்த ஊர் வீடுகளில் சுருள் திரை இருக்கும். ஆனால் அதன் இரு பக்கத்திலும் ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் இடைவெளி விட்டிருக்கும். ஏழு வயதுப் பிள்ளையைக் காலை மூன்று மணிக்கு எழுப்ப அந்தக் கீற்றே போதும். இருட்டுத் திரைத் துணியை யன்னல் சட்டத்தை விட ஒவ்வொரு பக்கமும் 10 சென்ரிமீற்றர் கூடுதலாக வெட்டி, ஒட்டுப் பட்டியால் சட்டத்தைச் சுற்றி ஒட்டிவிடுங்கள். துணி கிடைக்காவிட்டால் சமையலறை அலுமினியத் தாள் போதும். பளபளப்பான பக்கம் வெளியே பார்க்க, வர்ணம் பூசுவோர் பாவிக்கும் நீல நாடாவால் மரச்சட்டத்தில் ஒட்டுங்கள். கறுப்புக் குப்பைப் பையைக் கண்ணாடியில் நேராக ஒட்டவேண்டாம். அது வெயிலை உறிஞ்சிச் சூடாகும், இரட்டைக் கண்ணாடி வெடிக்கவும் இடமுண்டு. ஒட்டி முடித்துக் கதவைச் சாத்தி, ஐந்து நிமிடம் உள்ளே இருங்கள். கையை நீட்டினால் விரல்களை எண்ண முடிகிறதா? முடிந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். பெரும்பாலும் மேல் விளிம்பில்தான். அறை இருட்டானால் காற்றோட்டம் குறையும், கதவை ஒரு சாண் திறந்துவிடுங்கள். முழு இருட்டுக்குப் பயப்படுகிற பிள்ளை என்றால் சின்னச் சிவப்பு அல்லது செம்மஞ்சள் விளக்கு ஒன்று தரையோடு வைக்கலாம். வெள்ளை, நீல வெளிச்சம் கூடாது.

ஆனால் அறையை மட்டும் இருட்டாக்கினால் போதாது. முற்றத்தில் வெயிலில் ஓடியவனை நேரே இருட்டறையில் படுக்கவைத்தால், ஒரு மணி நேரம் புரண்டுகொண்டே இருப்பான். படுக்கும் நேரத்துக்கு ஒன்றரை மணி முன்பே அவன் உள்ளே வரவேண்டும். இருக்கும் அறையின் திரையையும் இழுத்து மூடி, சாப்பாடு, குளிப்பு, கதை என்று ஒவ்வொரு நாளும் அதே ஒழுங்கில் போகட்டும். ஒஸ்லோவில் அவன் எட்டு மணிக்குப் படுப்பவன் என்றால், அங்கே ஒன்பதாகட்டும். ஊர்ப் பிள்ளைகளோடு விளையாட ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும். காலையில் எட்டு மணிக்கு எழுப்பிவிட வேண்டும். ஆறிலிருந்து பன்னிரண்டு வயது வரை 9 முதல் 12 மணி நேர நித்திரை வேண்டும். இது 11 மணி நேரம். படுக்கும் நேரம் முன்பின்னாகப் போனாலும் எழும் நேரத்தை மட்டும் மாற்றவேண்டாம். 'பாவம், பிந்திப் படுத்தவன், படுக்கட்டும்' என்று பத்து மணி வரை விட்டால், அன்றிரவு பன்னிரண்டுக்கும் கண் மூடாது. பேரப்பிள்ளை வந்த வீடுகளில் நித்திரை கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த இரக்கத்தால்தான்.

உடல் பழக மூன்றிலிருந்து ஐந்து நாள் எடுக்கும். நித்திரை போதாத பிள்ளை பெரியவர்களைப் போலச் சோர்ந்து உட்காராது. இன்னும் கூடத் துள்ளும், சின்ன விஷயத்துக்குக் கத்தும், வயிறு வலிக்கிறது என்னும், சாப்பாட்டைத் தள்ளிவிடும். இந்த அடையாளங்களை அம்மம்மாவுக்குச் சொல்லி வையுங்கள். இல்லாவிட்டால் தன் சமையல்தான் பிடிக்கவில்லை என்று மனம் நொந்துபோவார். மெலடோனின் குளிசையை நீங்களாக வாங்கிக் கொடுத்து அனுப்பவேண்டாம். அது வைத்தியர் தீர்மானிக்க வேண்டிய மருந்து.

நள்ளிரவுச் சூரியனை அவன் பார்க்கத்தான் வேண்டும். முதல் வாரம் கழிந்த பிறகு, வானம் தெளிந்த ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். மதியம் ஒன்றரை மணி நேரம் படுக்கவைத்து, இரவு பன்னிரண்டுக்குத் தாத்தாவோடு வெளியே போய்வரட்டும். அந்த மறுநாள் மட்டும் ஒன்பதுக்கு எழுப்பிவிடுங்கள்.

இனிக் கடல். இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருப்பதால் பிள்ளைகள் இறங்குதுறைப் பக்கம் போவார்கள். பெரியவர்களின் கண் அந்த நேரத்தில் அசந்துவிடும். பாரன்ட்ஸ் கடலின் கரையோரத் தண்ணீர் ஜூலையிலும் 8 முதல் 10 பாகைதான். உங்கள் மகன் நீச்சல் படித்திருந்தாலும், அவன் நீந்திப் பழகியது 28 பாகைத் தடாகத்தில். 10 பாகைத் தண்ணீரில் விழுந்தவுடன் முதல் ஒரு நிமிடம் உடல் தன்னையறியாமல் மூச்சை ஆழ இழுக்கும். வாய் தண்ணீருக்குள் இருந்தால், இழுப்பது தண்ணீரைத்தான். அதைத் தாண்டினாலும் பத்து நிமிடத்துக்குள் கை காலின் பலம் போய்விடும். இது வளர்ந்தவர்களின் கணக்கு, சிறுவர் உடல் இன்னும் விரைவில் குளிரும். ஆட்கள் உறைந்து சாவதாகத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். பெரும்பாலானோர் உடல் உறைவதற்கு வெகு முன்பே, மூச்சுத் தடுமாறியும் கை ஓய்ந்தும் மூழ்கிவிடுகிறார்கள். அதனால்தான் உயிர்காப்பு அங்கி பற்றி நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

அங்கியில் இரண்டு வகை உண்டு. மிதப்பு விசை 50 நியூட்டன் என்று எழுதியிருப்பது நன்றாக நீந்துகிறவர்களுக்கு மிதப்புத் துணை மட்டும்தான், முகத்தை மேலே திருப்பாது. உங்கள் மகனுக்கு வேண்டியது கழுத்துப்பட்டை வைத்த, நுரை நிரப்பிய 100 நியூட்டன் அங்கி. அது மயங்கியவரையும் மல்லாக்கத் திருப்பும்படி செய்யப்பட்டது. இந்த வயதுக்குக் காற்றால் ஊதும் வகை வேண்டாம். உள்ளே ஒட்டியிருக்கும் சீட்டில் எத்தனை கிலோவுக்கு என்று போட்டிருக்கும். வயதைப் பார்த்து வாங்காமல் அந்த எடையைப் பார்த்து வாங்குங்கள். அடுத்த வருடத்துக்கும் உதவும் என்று ஒரு அளவு பெரிதாக வாங்குவது நம்மவர்களின் வழக்கம். அங்கியில் அந்த வழக்கம் ஆபத்தானது. பெரிய அங்கி தண்ணீரில் மேலே நழுவி முகத்தை மூடும். போட்டு, கால்களுக்கிடையில் வரும் பட்டியையும் இறுக்கிவிட்டு, தோள்பட்டைகளைப் பிடித்து அவனைத் தூக்கிப் பாருங்கள். அங்கி நாடியைத் தாண்டி ஏறினால் அந்த அளவு சரியில்லை.

8 மீற்றரை விடச் சிறிய படகு ஓடிக்கொண்டிருக்கும்போது எல்லோரும் மிதப்பு அங்கி அணிய வேண்டும் என்பது 2015 முதல் நோர்வேயில் சட்டம். தாத்தாவுக்கும் அது பொருந்தும். முப்பது வருடமாகப் போடாமல் போனவர் என்றால், பேரனைக் காட்டிக் கேளுங்கள். தாத்தா போட்டால் பேரன் கேள்வி கேட்காமல் போடுவான். அங்கி வள்ளத்துக்குள் மட்டும் போடுகிற பொருளாகவும் இருக்கக்கூடாது. பிள்ளைகள் தவறி விழும் இடம் இறங்குதுறைதான். பலகையில் மீன் வழுக்கல், ஏணியில் பாசி, வற்றும் நேரத்தில் கீழே இரண்டு மூன்று மீற்றர் ஆழம். தண்ணீர் விளிம்புக்குப் பத்து மீற்றருக்குள் போகும்போது அங்கி உடம்பில் இருக்கவேண்டும், பெரியவர் ஒருவர் கூட இருக்கவேண்டும். அவன் விளங்கிக்கொள்ள, முதல் நாளே தாத்தா ஒரு கல்லையோ கம்பத்தையோ காட்டி 'இதுக்கு அங்கால அங்கி' என்று சொல்லிவிடட்டும்.

முதல் வள்ளப் பயணம் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். ஊர்க்குடாவுக்குள்ளேயே, கரை தெரியும் தூரத்தில், காற்று வினாடிக்கு 5 மீற்றருக்குக் குறைவான நாளில் போகட்டும். எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று அம்மம்மாவிடம் சொல்லிவிட்டுப் போகவேண்டும். இயந்திரத்தை நிறுத்தும் பாதுகாப்புக் கயிறு தாத்தாவின் கையிலோ காலிலோ கொழுவியிருக்க வேண்டும். அவர் விழுந்தால் பிள்ளையோடு வள்ளம் தானாக ஓடிக்கொண்டிருக்கக் கூடாதல்லவா. கைத்தொலைபேசி நீர்ப்புகாப் பையில், சட்டைப் பைக்குள் இருக்கட்டும். தூண்டில் பற்றியும் ஒரு வார்த்தை. அங்கே பாவிக்கும் ஈயத் தூண்டிலில் மூன்று முனைக் கொக்கி இருக்கும். வீசும்போது கண்ணில் பட இடமுண்டு. பிள்ளைக்கு ஒரு சாதாரணப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டு, வீசுகிறவரிடமிருந்து இரண்டு மீற்றர் தள்ளி இருத்துங்கள். கொக்கியின் முள் தோலுக்குள் போய்விட்டால் இழுக்கவேண்டாம். தூண்டில் நூலை வெட்டி, கொக்கி அசையாமல் துணியால் சுற்றிக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் போகவேண்டும்.

யாராவது தண்ணீரில் விழுந்தால் பின்னால் குதிக்கக்கூடாது. கயிறு, வெற்றுக் கலன், துடுப்பு, எது கையில் கிடைக்கிறதோ அதை எறிய வேண்டும். வெளியே எடுத்ததும் ஈர உடுப்பைக் கழற்றி, துவட்டி, கம்பளி உடுப்பும் போர்வையும் சுற்றி, முழு விழிப்பாக இருந்தால் இனிப்பான சூடான பானம் கொடுக்கலாம். கை காலைத் தேய்க்கவேண்டாம். மூச்சு இல்லாவிட்டால், தண்ணீரில் மூழ்கியவருக்கு முதலில் ஐந்து முறை வாயோடு வாய் வைத்து ஊதி, பிறகு 30 நெஞ்சழுத்தம், 2 ஊதல் என்று தொடர வேண்டும். உங்கள் பெற்றோர் இதை ஒரு மாலைப்பொழுதில் தலையணையில் செய்து பழகட்டும். நீங்கள் அங்கே நிற்கும் நாட்களிலேயே செய்துவிடுங்கள்.

நீங்கள் கட்டாயம் அங்கே போய் நிற்க வேண்டும். ஏழு வயதில், இடையில் விமானம் மாறி, சின்ன விமானத்தில் அவனைத் தனியே அனுப்பவேண்டாம். கடற்கரை ஓர விமான நிலையங்கள் கோடையில் மூடுபனியால் மூடப்படுவது வழக்கம். விமானம் உங்களைக் கிர்க்கெனஸ் நகரில் இறக்கிவிட்டால், அங்கிருந்து வீதியால் ஏறத்தாழ 250 கிலோமீற்றர். உங்களில் ஒருவர் கூடப் போய் மூன்று இரவு நில்லுங்கள். திரும்பும் பயணத்துக்கும் ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். இன்ஹேலர், மாற்றுடுப்பு, ஒரு நாள் சாப்பாடு எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். அந்த மூன்று இரவில் யன்னலை ஒட்டலாம், அங்கியைப் போட்டுப் பார்க்கலாம், இழுப்புக்கு மருந்து கொடுக்கும் முறையை அம்மம்மாவின் கையாலேயே செய்ய வைத்துப் பார்க்கலாம்.

இழுப்பு மருந்தை இரண்டாகக் கொண்டுபோங்கள், இன்ஹேலரில் பொருத்தி மருந்தை இழுக்கும் குழாயும் (ஸ்பேசர்) இரண்டு. ஒன்று வீட்டில் குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே, மற்றது தாத்தாவின் மேற்சட்டைப் பையில். புறப்படுமுன் எத்தனை தரம் அடிக்க மீதி இருக்கிறது என்று எண்ணைப் பாருங்கள். எத்தனை அடி, எத்தனை நிமிட இடைவெளி என்பதை உங்கள் வைத்தியர் சொன்னபடி தமிழில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். ஒரு வசனத்தை முடிக்க முடியாமல் மூச்சு வாங்குவது, விலா எலும்புகளுக்கிடையில் தோல் உள்ளிழுபடுவது, உதடு நீலம் பாய்வது, மருந்து அடித்தும் தணியாமலிருப்பது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் 113 என்ற அவசர எண்ணுக்கு அழைக்க வேண்டும். காய்ச்சலுக்கு, 15 முதல் 25 கிலோ வரை எடையுள்ள பிள்ளைக்குப் பரசிற்றமோல் 250 மில்லிகிராம் ஒரு குளிசை, ஆறு மணி நேர இடைவெளியில், நாளொன்றுக்கு நான்குக்கு மேல் இல்லை.

ஆஸ்பத்திரி இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பெரிய ஆஸ்பத்திரி கிர்க்கெனஸில்தான் இருக்கிறது. ஆனால் ஊரில் சுகாதார நிலையம் உண்டு. உயிராபத்தில்லாத, ஆனால் காத்திருக்க முடியாத நோய்க்கு இரவிலும் 116117 என்ற எண் இருக்கிறது. உயிராபத்துக்கு 113. நஞ்சு, மருந்து தவறி விழுங்கியது என்றால் 22 59 13 00. பின்மார்க்கில் விமான அம்புலன்ஸ் கிர்க்கெனஸிலும் அல்ராவிலும் நிற்கிறது. தூரம் தூரம்தான், மூடுபனி வந்தால் அதுவும் பிந்தும். அதனால்தான் முதலில் யாருக்கு அழைப்பது என்பது முக்கியம். உங்கள் பெற்றோர் வயதினர் பலர் பதறும்போது முதலில் மகளுக்குத்தான் அழைப்பார்கள். நீங்கள் ஒஸ்லோவிலிருந்து ஒன்றும் செய்யமுடியாது, நிமிடங்கள்தான் போகும். 'முதல்ல 113, பிறகுதான் எனக்கு' என்று சொல்லி, சொன்னதைத் திருப்பிச் சொல்லவும் வையுங்கள். முப்பது வருடம் தொழிற்சாலையில் கதைத்த மொழியும் பயத்தில் நாக்கில் வராது. குளிர்சாதனப் பெட்டிக் கதவில் வீட்டு விலாசத்தையும், 'பார்னெ பூஸ்தெர் இக்கெ' போல மூன்று நான்கு வசனங்களையும் தமிழ் எழுத்திலேயே எழுதி ஒட்டுங்கள். இது பிள்ளை மூச்சு விடவில்லை என்பது. தாத்தாவின் தொலைபேசியில் 'யெல்ப் 113' செயலியையும் போட்டுவிடுங்கள், அழைக்கும்போது நிற்கும் இடத்தை அவர்களுக்குக் காட்டும்.

ஒரு தாளில் மகனின் பிறப்பு இலக்கம், எடை, ஒவ்வாமை, தடுப்பூசி, குடும்ப வைத்தியர், உங்கள் இருவரின் எண்கள், அன்றாடச் சிகிச்சைக்குப் பேரனைக் கூட்டிப்போக அவர்களுக்கு அனுமதி என்பதை எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். 16 வயது வரை சிகிச்சைக்குச் சம்மதம் சொல்லும் உரிமை பெற்றோருக்கே என்பதால், வைத்தியர் உங்களையும் அழைப்பார். அவசரச் சிகிச்சை அதற்காகக் காத்திருக்காது. இன்னொன்று: தாத்தா அம்மம்மாவின் கிழமைக் குளிசைப் பெட்டி, நாளுக்கொரு மூடி வைத்தது, எந்தப் பிள்ளையும் ஒரு விரலால் திறக்கும். நீரிழிவுக் குளிசைகளில் சில ஒன்றே ஒன்று சிறுபிள்ளையின் சர்க்கரையை ஆபத்தாக இறக்கிவிடும். பெட்டி உயரத்துக்குப் போகட்டும்.

உடுப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜூலையில் ஒரு நாள் 25 பாகை இருக்கும், மறுநாள் வடகாற்றோடு 5 பாகை இருக்கும். மெல்லிய கம்பளி உள்ளுடுப்பு இரண்டு சோடி, கம்பளிக் காலுறை ஐந்து சோடி, காற்றுப் புகா மேற்சட்டை, மழைக் காற்சட்டை, இறப்பர் சப்பாத்து, தொப்பி, மெல்லிய கையுறை. ஜீன்ஸ் நனைந்தால் நாள் முழுக்கக் காயாது, விட்டுவிட்டுப் போங்கள். கடலோரத்தில் காற்று வீசுவதால் நுளம்பு குறைவு. ஆனால் தானா ஆற்றுப் பக்கமோ உள்நாட்டுக்கோ போகும் நாளில் தலைவலையும் 20 வீத இக்காரிடின் விரட்டியும் தேவை. பிள்ளையின் கையில் பூசவேண்டாம், கை வாய்க்குப் போகும். ஆலா என்ற கடற்பறவை ஜூன், ஜூலையில் தரையில் முட்டையிட்டிருக்கும். பக்கத்தில் போனால் தலையில் கொத்தும். அது உயரமான இடத்தைத்தான் கொத்தும் என்பதால், ஒரு தடியைத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்துக்கொண்டு அந்த இடத்தைக் கடந்துவிட வேண்டும். செத்த பறவையைத் தொடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். 2023 கோடையில் பின்மார்க்கின் வாட்சோ நகரில் பறவைக் காய்ச்சலால் கடற்பறவைகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் கவலைப்படும் அளவுக்கு நான் படமாட்டேன். மீன் விரல் மட்டும் தின்னும் பிள்ளை, தான் பிடித்த மீனை ஒரு வாய் தின்று பார்க்கும். பொரித்த தொர்ஸ்க் (கொட் மீன்) துண்டை அம்மம்மா தட்டின் ஓரத்தில் வைக்கட்டும், வற்புறுத்தவேண்டாம். ஒரே சாப்பாட்டைப் பத்துத் தடவை கண்ட பிறகே கைவைக்கும் பிள்ளைகள் பலர். முள்ளுக்குப் பயந்தால் வாலருகுத் துண்டு கொடுங்கள். குழம்பில் உறைப்பைக் குறைத்து, சொதியோடு இடியப்பம் போதும். ஒரேயொரு தடை மீன் ஈரலுக்கு. டயொக்சின், பிசிபி போன்ற நச்சுப்பொருட்கள் ஈரலில் சேர்வதால், சிறுவர்களும் பிள்ளை பெறும் வயதுப் பெண்களும் மீன் ஈரல் சாப்பிடக் கூடாது என்பது நோர்வே உணவுப் பாதுகாப்பு அதிகாரிகளின் அறிவுரை. ஈரல் சத்து என்று உங்கள் அம்மா அன்போடு ஊட்டக்கூடும். அந்தச் சத்துக்குச் சுத்திகரித்த மீன் ஈரல் எண்ணெய் ஒரு தேக்கரண்டி இருக்கிறது. 5 மில்லிலீற்றரில் அவனுக்கு ஒரு நாளுக்கு வேண்டிய 10 மைக்ரோகிராம் வைற்றமின் டி கிடைத்துவிடும்.

வீட்டு நினைவு வரும். முதல் வாரத்தில்தான் கூட வரும். ஜூனுக்கு முன்பே வேறொரு வீட்டில் மூன்று நான்கு இரவு தொடர்ந்து விட்டுப் பழக்குங்கள். 'பிடிக்காவிட்டால் சொல்லு, அம்மா உடனே வந்து கூட்டிப்போவேன்' என்று மட்டும் சொல்லாதீர்கள். அன்பில்தான் சொல்வீர்கள். அவனுக்கோ, உன்னால் இருக்கமுடியாது என்று அம்மாவே நினைக்கிறாள் என்று கேட்கும். அழுகை வந்தால் தாத்தாவிடம் சொல்லலாம், கொஞ்ச நேரத்தில் குறையும், ஐந்து வாரம் முடிய நான் வருவேன் என்று சொல்லுங்கள். நாட்காட்டி ஒன்று கொடுத்து நாள் வெட்டச் சொல்லுங்கள். தொலைபேசியைப் படுக்கும் நேரத்தில் எடுக்கவேண்டாம். களைத்த பிள்ளை அம்மாவின் குரலைக் கேட்டால் அழத்தான் செய்யும், நீங்களும் அழுவீர்கள், அன்றைய நித்திரையும் போகும். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் போதும். திரும்பிப் போகும் நாளில் அவனிடம் சொல்லிக்கொண்டே புறப்படுங்கள், நித்திரையில் விட்டுவிட்டு வரவேண்டாம். பத்து நாள் தாண்டியும் சாப்பிடாமல், விளையாடாமல், நித்திரையும் இல்லாமல் இருந்தால் அப்போது போய்க் கூட்டிவருவது சரி.

மொழிக்காக ஒரு பாடமும் வைக்கவேண்டாம் என்று பெற்றோரிடம் சொல்லுங்கள். அவன் நோர்வேஜிய மொழியில் பதில் சொன்னால் சொல்லட்டும், அவர்கள் தமிழிலேயே தொடரட்டும். மீன் வெட்டும்போது செவுள், செட்டை, முள், குடல் என்று கை காட்டிச் சொன்னாலே சொல் ஒட்டும். கோப்பை கழுவும்போது, மா குழைக்கும்போது, வலை காயப்போடும்போது வருகிற சொற்கள் அப்படித்தான் தங்கும்.

மற்றவற்றை அவர்களிடமே விட்டுவிடுங்கள். அம்மம்மா தொலைக்காட்சிக்கு முன்னால் இருத்தி ஊட்டினாலும், தாத்தா ஒவ்வொரு நாளும் ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்தாலும், உங்களுக்குச் சிறுவயதில் செய்யாததையெல்லாம் இவனுக்குச் செய்தாலும் தடுக்கவேண்டாம். நான்கு பக்கத்துக்கு விதி எழுதி அனுப்பினால் முக்கியமானதும் அதற்குள் மறைந்துபோகும். இருட்டறை, அங்கி, முதல் அழைப்பு 113. இந்த மூன்றை மட்டும் அவர்களிடம் உறுதியாகக் கேட்டு வாங்குங்கள்.

ஜூலை கடைசியில் திரும்பினால் பள்ளி தொடங்க இரண்டு வாரமளவு இருக்கும், ஒஸ்லோவின் இருட்டுக்கு இரண்டு மூன்று இரவில் பழகிவிடுவான். சதுப்பில் முளைக்கும் முல்தெ பழம் அப்போது பெரும்பாலும் சிவப்பாகத்தான் இருக்கும். சிவப்பு காய், அம்பர் நிறம் வந்த பிறகே பழம். பழுக்கும்வரை நிற்க வேண்டுமென்று அவன் அடம்பிடித்தால், முடிந்தால் இன்னொரு வாரம் விடுங்கள். இந்தக் கிழமையே தாத்தாவுக்கு அழைத்து, அறை யன்னலின் அகலத்தையும் உயரத்தையும் அளந்து சொல்லச் சொல்லுங்கள், எந்தத் திசை பார்க்கிறது என்பதையும் சேர்த்து.